மாற்று டயர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

பிரேக், ஸ்டீயரிங், ஏபிஎஸ், எஞ்சின் என்று கார் செய்யும் எல்லா வேலையும் கடைசியில் நான்கு டயர் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர்கிறது. அப்படியிருந்தும், கார் வாங்க மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட டயர் மாற்றும் நாளில் "சார், இந்த சைஸுக்கு இதான் நல்லா போகுது" என்று கடைக்காரர் சொல்லும் ஒரே வரிக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவரிடம் இருக்கும் சரக்கு அவருக்குத் தெரியும். நீங்கள் ஓட்டும் சாலையும் ஓட்டும் விதமும் அவருக்குத் தெரியாது.

முதல் முறையாகத் தன் காருக்கு டயர் மாற்றப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஸ்விஃப்ட், வேகன்ஆர், அமேஸ் போன்ற அன்றாடக் கார் வைத்திருப்பவருக்கும், வர்டஸ் ஜிடி, ஐ20 என் லைன், ஆக்டேவியா என்று கொஞ்சம் வேகமான கார் வைத்திருப்பவருக்கும் படிகள் ஒன்றுதான். கடைசித் தேர்வு மட்டும் வேறுபடும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தரும் டயர் என்று ஒன்று கிடையாது. ஈரத்தில் பிடிப்பு, நீண்ட ஆயுள், எரிபொருள் சிக்கனம், இரைச்சல் இல்லாத பயணம், திருப்பத்தில் உறுதி, குழியைத் தாங்கும் பக்கச்சுவர் என்று நாம் கேட்பவை பல. ஒன்றைக் கூட்டினால் வேறொன்று குறையும். ஆகவே டயர் தேர்வு என்பது எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்வதுதான். ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

படி 1: இருக்கும் டயரை முதலில் படியுங்கள்

பட்டன்களுக்கு (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளங்களை உற்றுப் பாருங்கள். அங்கங்கே குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அதுதான்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். புது டயரில் பள்ளம் ஏறக்குறைய 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும், தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளும் திறன் வேகமாகக் குறையத் தொடங்குகிறது. வறண்ட சாலையில் இது தெரியவே தெரியாது. "நல்லாத்தானே ஓடுது" என்று தோன்றும். மழை நாளில் பைபாஸில் தண்ணீர் நிற்கும் இடத்தில் போகும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் புகுந்து, ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அந்த நொடியில் பிரேக்கும் உதவாது, ஏபிஎஸ்ஸும் உதவாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் அளந்து பார்க்கும்போது 3 மில்லிமீட்டர் பக்கம் வந்திருந்தால் அந்த மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஆழம் அளக்கும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், நீங்கள் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள்பக்க ஓரமோ வெளிப்பக்க ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கிறது. அலை அலையாக, கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தெரிந்தால் ஷாக் அப்சார்பரையோ, சக்கரத்தின் எடையைச் சமன்படுத்தும் பேலன்சிங்கையோ சந்தேகப்படுங்கள். இந்தக் கோளாறுகளைச் சரி செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும் அதுவும் இதே மாதிரிதான் தேயும்.

அப்புறம் வயது. வீட்டு வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலோ மாதக்கணக்கில் நிற்கும் கார்கள் நம் ஊரில் ஏராளம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் எப்போதாவது கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் எடுக்கும் கார்கள். அவற்றில் பட்டன் புதுசு போலவே இருக்கும். ஆனால் ரப்பர் ஓடாமலும் மூப்படையும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகும். பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள் தெரிந்தால் பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் கழற்றி உள்ளும் புறமும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகவே தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரும் காரில் இருக்கக் கூடாது. பக்கச்சுவரில் ஓர் இடம் உருண்டையாக வீங்கியிருந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது. அந்த டயரை அன்றைக்கே கழற்ற வேண்டும்.

படி 2: பக்கச்சுவரில் உள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

185/65 ஆர்15 88எச் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இது வரை பலருக்கும் தெரியும். கடைசியில் வரும் 88எச்சைத்தான் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

88 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்: 88 என்றால் 560 கிலோ. 87 என்றால் 545, 91 என்றால் 615. எச் என்பது வேக வரம்பு: மணிக்கு 210 கிலோமீட்டர். எஸ் 180, டி 190, வி 240, டபிள்யூ 270. "நான் 210-ல் போகப் போவதில்லையே, டி போதாதா?" என்று கேட்கலாம். இந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. அந்த வேகத்தில் எழும் வெப்பத்தை டயர் தாங்கும் என்பதையும் சொல்கிறது. மே மாத மதியத்தில் ஐந்து பேரும் பெட்டிகளுமாகத் திருச்சி நான்கு வழிச்சாலையில் ஓடும் காருக்கு அந்தக் கூடுதல் தாங்குதிறன் தேவைப்படும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சைஸும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். எடை எண்ணும் வேக எழுத்தும் அதிலோ காரோடு வந்த கையேட்டிலோ இருக்கும். அவற்றுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். மேலே போகலாம்.

எலெக்ட்ரிக் கார் என்றால் இந்த எடை எண்ணை இன்னும் கவனமாகப் பாருங்கள். பேட்டரியால் அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை அதிகம், மிதித்தவுடன் முழு விசையும் வருவதால் முன் டயரோ பின் டயரோ சீக்கிரம் தேயும்.

இன்னொரு எச்சரிக்கை. பக்கச்சுவரில் அதிகபட்ச அழுத்தம் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அது டயரின் உச்ச வரம்பு. உங்கள் கார் கேட்கும் அழுத்தம் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருப்பதுதான்.

படி 3: உங்கள் ஓட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

கடையில் யோசிக்க நேரம் இருக்காது. வீட்டிலேயே எழுதிவிடுங்கள். மாதம் எவ்வளவு கிலோமீட்டர்? நகரமா, நெடுஞ்சாலையா? கார் வழக்கமாக எத்தனை பேரோடு போகிறது? மழையில் இரவில் ஓட்ட வேண்டியிருக்குமா? மலையேறுவீர்களா? சாலை எவ்வளவு மோசம்?

இந்த விடைகள் தேர்வைப் பாதி முடித்துவிடும். தினமும் சென்னை ஓஎம்ஆர் சாலையில் நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு வேகத் திருப்பத்தின் உறுதி பயன்படாது. ஆயுளும் குழியைத் தாங்குவதும் பயன்படும். கோவையிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி போகிறவருக்கு நிலைமை வேறு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம், ஆண்டின் பல மாதங்கள் ஈரமான தார். அங்கே ஈரப் பிடிப்புக்கு முன்னால் ஆயுள் கணக்கு நிற்காது. வாரம் தவறாமல் சென்னையிலிருந்து மதுரைக்கு ஓட்டுபவருக்கு இரைச்சலும் எரிபொருளும் பெரிய விஷயம்.

படி 4: வகையைத் தீர்மானியுங்கள், பிராண்டு பிறகு

கார் டயர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலாவது, ஆயுளுக்காகவும் சிக்கனத்துக்காகவும் செய்யப்பட்டவை. அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ், எம்ஆர்எஃப் இசட்விடிவி போன்றவை இந்தப் பக்கம் சேரும். ரப்பர் கொஞ்சம் கடினம்; நிறைய ஓடும்; குழியைப் பொறுத்துக்கொள்ளும். வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இவற்றை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. பொதுவாக இவற்றில் விட்டுக்கொடுப்பது ஈரத்தில் கடைசி நேரப் பிரேக்கையும் அமைதியையும்.

இரண்டாவது, சொகுசும் பாதுகாப்பும் கலந்தவை. மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி, யோகோஹாமா புளூஎர்த் ஜிடி, குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் 2, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா வரிசை என்று பெரிய கூட்டமே இங்கே இருக்கிறது. குடும்பக் காருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வகையைத்தான். ஆயுள் சற்றுக் குறைந்தாலும் மழையில் நிற்கும் தூரமும் குறைகிறது.

மூன்றாவது, வேகக் கார்களுக்கானவை. மிஷெலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், யோகோஹாமா அட்வான் ஸ்போர்ட், பிரெல்லி பி ஸீரோ, அப்போலோவுக்குச் சொந்தமான வ்ரெடஸ்டெய்ன் தரும் அல்ட்ராக் வோர்ட்டி ஆகியவை உதாரணங்கள். மென்மையான ரப்பர், விறைப்பான பக்கச்சுவர், திருப்பத்தில் வளையாத அகலமான ஓரப் பட்டன்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்பும். விலை அதிகம், சீக்கிரம் தேயும், குழியின் அதிர்ச்சியை அப்படியே உள்ளே அனுப்பும். இவற்றுக்கும் மேலே, பந்தயத் தடத்துக்கான அரைவழுக்கை டயர்கள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் அவை அற்புதம் செய்யும். மழை பெய்யும் பொதுச் சாலையில் அவற்றோடு போகாதீர்கள். பள்ளம் குறைவு, நீர் வெளியேற வழியில்லை.

ஈரப் பிடிப்பும் எரிபொருள் சிக்கனமும் ஒரு காலத்தில் எதிரெதிராக இருந்தவை. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின், ரப்பர் கலவையில் கார்பன் கருமையின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்த பிறகு இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பெற முடிந்தது. இன்றைக்கு நல்ல டயர்கள் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. கலவையின் தரத்துக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதால், பட்டன் வடிவம் ஒன்று போலவே இருக்கும் இரண்டு டயர்கள் மழையில் வேறு வேறு தூரத்தில் நிற்கின்றன. வெளித் தோற்றத்தை வைத்து டயரை எடை போட முடியாது.

ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஆல்-சீசன் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குளிர்காலத்தில் பனி விழும் நாடுகளுக்கான சமரசம். நம் வெப்பத்துக்கு, ஐரோப்பாவில் கோடை டயர் என்று சொல்வதுதான் இயல்பானது. எம்+எஸ் (சேறு, பனி) என்ற குறி இருந்தால் குற்றமில்லை. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதும் இல்லை.

படி 5: ஒப்பிடும்போது எதை நம்புவது

பல டயர்களில் டிரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று மதிப்பீடுகள் (தேய்மானம், பிடிப்பு, வெப்பம் தாங்குதல்) அச்சாகியிருக்கும். இது அமெரிக்க முறை. டிரெட்வேர் எண்ணுக்கு டெக்சாஸில் ஏறக்குறைய 640 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் டயரைத் திரும்பத் திரும்ப ஓட்டி, 100 என்று வைக்கப்பட்ட ஒரு அளவுகோல் டயரோடு ஒப்பிடுகிறார்கள். 400 என்றால் அதைப்போல நான்கு மடங்கு உழைக்கும் என்பது கணக்கு. ஆனால் எண்ணைப் போட்டுக்கொள்வது தயாரிப்பாளரே. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது. டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். நேர்கோட்டில், ஈரத்தில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளப்பது. திருப்பத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இருந்தாலும் பி என்று இருந்தால் நான் அந்த டயரைத் தள்ளிவைத்துவிடுவேன்.

ஐரோப்பிய லேபிள் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 2012-ல் வந்து 2021 மே மாதம் திருத்தப்பட்ட அந்த லேபிளில் எரிபொருள் சிக்கனமும் ஈரப் பிடிப்பும் ஏ முதல் ஈ வரை, வெளிப்புற இரைச்சல் டெசிபெலில் இருக்கும். நீங்கள் பார்க்கும் டயர் ஐரோப்பாவிலும் விற்கிறது என்றால், உங்கள் சைஸுக்கான லேபிளைத் தேடிப் பாருங்கள். சைஸ் மாறினால் மதிப்பீடும் மாறும். நம் நாட்டில் எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர ஸ்டிக்கர் சில டயர்களில் வருகிறது. அந்த நட்சத்திரங்கள் எரிபொருள் சிக்கனத்தைச் சொல்பவை. ஐந்து நட்சத்திரம் என்பதால் மழையிலும் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாடிக்கையாளர் கருத்துகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். புது டயர் போட்ட மறுநாள் எழுதுபவர் தன் மொட்டை டயரோடுதான் ஒப்பிடுகிறார். எதைப் போட்டாலும் அவருக்கு அமைதியாகவும் பிடிப்பாகவும்தான் தெரியும். அந்தப் பாராட்டுக்கு மதிப்பு குறைவு. இருபதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, ஒரு மழைக்காலம் கடந்து எழுதுபவரின் வார்த்தையைத் தேடுங்கள். அதுவும் உங்கள் காரோ அதே எடையுள்ள காரோ வைத்திருப்பவர், அதே சைஸில் ஓட்டியவர் என்றால் இன்னும் நல்லது. ஜெர்மனியின் கார் ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி போன்ற அமைப்புகள் ஒரே சைஸில் பல டயர்களை ஒரே நிலைமையில் சோதிக்கின்றன, மிகவும் நம்பகமானவை. ஆனால் இந்தியாவில் விற்கும் பல மாடல்கள் அந்தச் சோதனைகளில் இடம்பெறுவதில்லை.

காரோடு வந்த அதே டயரையே திரும்பப் போடலாமா? போடலாம். கட்டாயம் இல்லை. கார் நிறுவனங்கள் மைலேஜ் சான்றிதழை மனதில் வைத்து, உருளும் தடை குறைவான டயரைக் கேட்டு வாங்குவது வழக்கம். அது உங்கள் தேவையோடு பொருந்தாமல் இருக்கலாம். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, போர்ஷே மாதிரியான கார்களில் மட்டும் பக்கச்சுவரில் அந்தந்த நிறுவனத்தின் தனிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கென்றே இழைத்தவை அவை. ரன்-ஃப்ளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) உள்ள காரில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. சாதாரண டயருக்கு மாறினால் பஞ்சர் கிட்டோ ஸ்டெப்னியோ கையில் வைத்துக்கொள்ளாமல் ஊர் தாண்டாதீர்கள். நான்கில் இரண்டு ரன்-ஃப்ளாட், இரண்டு சாதாரணம் என்று கலக்கவும் கூடாது.

படி 6: சைஸை ஏற்றலாமா

வேகக் கார் ஆசை உள்ள எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 185/65 ஆர்15 டயரின் முழு விட்டம் 621.5 மில்லிமீட்டர். அகலத்தில் 65 சதவீதம் 120.25, அது மேலும் கீழும் இரண்டு முறை, அதோடு 15 அங்குல ரிம்மின் 381. இதற்குப் பதில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634.5. இரண்டு சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 102-ல் போகும். தரையிலிருந்து ஆறரை மில்லிமீட்டர் உயரும். இழுவை கொஞ்சம் சோம்பும். இந்த சைஸுக்கு ரிம் 5.5 முதல் 7 அங்குல அகலம் இருக்க வேண்டும். உங்கள் ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும்; அதைப் பார்க்காமல் "பக்காவா உட்காரும் சார்" என்பதை நம்பாதீர்கள்.

16 அங்குல ரிம் போட்டு 195/55 ஆர்16-க்குப் போனால் விட்டம் 620.9, கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாது. ஆனால் இந்த சைஸில் வழக்கமாகக் கிடைக்கும் எடை எண் 87. பழையது 88. ஓர் எண் கீழே இறங்கிவிட்டீர்கள். எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று குறிப்பிட்ட 91 கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். விட்டம் சரியாக இருக்கிறதே என்று எடையை மறந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது. 205/55 ஆர்16-லிருந்து 225/45 ஆர்17-க்குப் போகிறவர்களுக்கு விட்டம் 632-லிருந்து 634. அங்கே எடை எண் 91-க்குக் குறையாமல் கிடைப்பதால் சிக்கல் இல்லை.

ஆனாலும் ரிம்மைப் பெரிதாக்க நான் பரிந்துரைப்பதில்லை. பக்கச்சுவரின் உயரம் குறையக் குறைய, மழைக்குப் பின் நம் நகரச் சாலைகளில் வாய் திறக்கும் குழிகள் நேராக ரிம்மை அடிக்கும். டயர் வீங்கும், அலாய் கோணும். பெரிய ரிம்மின் கூடுதல் எடையால் சஸ்பென்ஷனும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். அலாய்க்குச் செலவழிக்கும் பணத்தைக் காரோடு வந்த ரிம் சைஸிலேயே மிகச் சிறந்த டயர் வாங்கச் செலவிட்டுப் பாருங்கள். வர்டஸ் மாதிரி 205/55 ஆர்16 உள்ள காரில் அதே சைஸில் வேக வகை டயர் போட்டால், ஏற்காட்டின் இருபது வளைவுகளிலும் கார் வேறு கார் போல நடந்துகொள்ளும். வீட்டில் உள்ளவர்களின் முதுகும் தப்பும்.

வேக வகை டயர்களில் இன்னொரு சிக்கல் கிடைப்பது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், இங்கே தயாராகாத சைஸ்கள் கிடைப்பதும் விலையும் சிரமமாகிவிட்டன. உங்கள் காரின் சைஸ் அரிதானது என்றால் டயர் மொட்டையாகும் வரை காத்திருக்காமல் இரண்டு மாதம் முன்னதாகவே தேடத் தொடங்குங்கள்.

படி 7: கடையில்

சைஸ், எடை எண், வேக எழுத்து, இரண்டு மாடல் பெயர் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். மூன்று கடையில் விலை கேளுங்கள். கேட்கும்போதே பொருத்துதல், பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு, பழைய டயருக்குக் கழிக்கும் தொகை எல்லாம் சேர்த்துக் கடைசி விலை என்ன என்று கேளுங்கள். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். உற்பத்திக் குறைக்கான உத்தரவாதம் பில்லைக் காட்டினால்தான். சில நிறுவனங்கள் வெட்டுக்கும் வீக்கத்துக்கும்கூடக் குறிப்பிட்ட காலம் வரை உத்தரவாதம் தருகின்றன. அதற்குத் தனியாகப் பதிய வேண்டியிருக்கும்.

டயரை வண்டியில் ஏற்றும் முன் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம், திருப்பிப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது. நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு வருடம் வரை கவலையில்லை, ஆனால் விலை குறைக்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டியதை நான் வாங்கமாட்டேன். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். பழைய டயர் விற்கும் இடங்களில் தேய்ந்த பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக்கி, கறுப்பு பூசி வைத்திருப்பார்கள். அது மிக ஆபத்து. உள்ளே எஃகு இழைக்கு மேல் ரப்பரே இருக்காது.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் சிறந்தது. பணம் இடிக்கிறது, இரண்டுதான் முடியும் என்றால், அந்த இரண்டும் ஒரே அச்சில் (முன் இரண்டு அல்லது பின் இரண்டு) இருக்க வேண்டும். எந்த அச்சு? முன் சக்கரம் இழுக்கும் கார் என்பதால் எல்லாக் கடையிலும் புதியதை முன்னால் போடத்தான் கை போகும். பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும். காலைத் தளர்த்தி, வேகம் குறைந்ததும் மீண்டும் பிடிக்கும், பெரும்பாலானவர்களால் சமாளிக்க முடியும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். பயிற்சி பெற்ற ஓட்டுநருக்கே அது கஷ்டம். முன் சக்கரக் கார், பின் சக்கரக் கார் என்ற பேதமில்லை; பட்டன் அதிகம் உள்ள ஜோடி எப்போதும் பின்னால். கடைக்காரர் மறுத்துப் பேசினாலும் விடாதீர்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். அம்புக்குறி உள்ள டயர் முன்னோக்கி உருளும் திசையில் மாட்டப்பட வேண்டும். 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் வெளியே தெரிய வேண்டும். ரப்பர் வால்வை நான்கிலும் மாற்றச் சொல்லுங்கள். டயர் பிரஷர் சென்சார் உள்ள காராக இருந்தால் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். கவனிக்காமல் நெம்பினால் உடைந்துவிடும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முழு வேகத்தில் இறுக்க விடாமல், எதிரெதிர் வரிசையில் பிடித்து, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் அடிப்பீர்களா என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசம் என்றால் சரி, பணம் கொடுத்து வேண்டாம்.

படி 8: முதல் சில வாரங்கள்

புது டயரின் மேல், வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை திருப்பத்திலும் பிரேக்கிலும் நிதானமாக இருங்கள், மழையில் கூடுதலாக. வேகக் கார்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கடினம்தான், ஆனாலும் பொறுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ 80, 90-ல் நடுங்கினாலோ அதே வாரம் கடைக்குத் திரும்பிப் போங்கள். ஒழுங்காகப் பேலன்ஸ் செய்தால் அந்த நடுக்கம் இருக்காது.

காற்றை மாதம் ஒருமுறை, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிய சூட்டில் எண் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் குளிர்ந்ததும் குறைந்து போயிருக்கும். முழுக் குடும்பத்தோடும் சாமான்களோடும் நீண்ட பயணம் என்றால், முழுச் சுமைக்கென்று ஸ்டிக்கரில் தனியாக உள்ள அழுத்தத்தை வையுங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றுங்கள். அலைன்மென்ட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பஞ்சர் ஆனால், பட்டன் பகுதியில் ஏற்பட்ட சிறு துளைக்கு டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ பேட்ச் போடுவது நல்லது. வெளியிலிருந்து செருகும் ரப்பர் குச்சி வழியில் உதவும் அவசர வைத்தியம். ஓரத்திலோ பக்கச்சுவரிலோ துளை விழுந்தால் எந்தக் கடையில் சரி செய்து தருகிறேன் என்றாலும் அந்த டயரைப் பயன்படுத்தாதீர்கள்.

பழைய நான்கில் பள்ளம் அதிகம் மிச்சமுள்ளது ஸ்டெப்னியைவிடப் புதியது என்றால் அதையே ஸ்டெப்னியாக மாற்றிக்கொள்ளலாம். சைஸ் ஒன்றாக இருக்க வேண்டும், வீக்கமோ வெடிப்போ இருக்கக் கூடாது. இப்போதைய பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சின்னது; அதன் மேலேயே மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்ற வரம்பு ஒட்டியிருக்கும். காற்றுப் பார்க்கும் நாளில் டிக்கியைத் திறந்து அதையும் பாருங்கள், அதன் தேதியையும் சேர்த்து.